பாடசாலைக் கணினியில் சேமித்த கோப்பு எங்கே போனது? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்குத் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பல, பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் பாடசாலைக் கணினியில் தமது கோப்புகளைக் காப்பது எப்படி என்றே கேட்டிருந்தன. ஆகவே இம்முறை கேள்வி பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களையும் பாடசாலைகளின் பெயர்களையும் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

உயர்தர மாணவி, உவர்மலை

கேள்வி: கணினிக்கூடத்தில் இரண்டு பாடவேளை இருந்து தயாரித்த செயற்றிட்ட அறிக்கையை டெஸ்க்டொப்பில் சேமித்துவிட்டு வந்தேன். மறுநாள் அதே கணினியைத் திறந்தபோது கோப்பைக் காணவில்லை. ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. யாரேனும் அழித்திருப்பார்களா? மீட்க வழியுண்டா?

பதில்: வகுப்புத் தோழர்களைச் சந்தேகிக்கும் முன்பு ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். டெஸ்க்டொப்பில் வெறுமையான ஒரு கோப்புறையை உருவாக்கி, கணினியை முறைப்படி நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். அந்தக் கோப்புறையும் காணாமற் போயிருந்தால் உங்கள் அறிக்கையை எவரும் அழிக்கவில்லை. கணினியே அழித்திருக்கிறது, அதுவும் அழிக்கும்படி சொல்லப்பட்டதனால். பல பாடசாலைக் கணினிக்கூடங்களில் டீப் ஃபிரீஸ் போன்ற மென்பொருளை நிறுவி வைத்திருப்பார்கள். அது வன்தட்டின் ஒரு பகுதியை, வழமையாக விண்டோஸ் இருக்கும் சி டிரைவை, குறிப்பிட்ட ஒரு நிலையில் உறையச் செய்துவிடும். நீங்கள் வேலை செய்யும்போது எல்லாம் இயல்பாகவே நடக்கும். கோப்பு சேமிக்கப்படும், திறக்கும், அச்சாகும். ஆனால் கணினி மறுபடி இயங்கும்போது உறைந்த நாளுக்குப் பிறகு அந்தப் பகுதியில் நடந்த அனைத்தும் கைவிடப்பட்டுவிடும். திரையின் கீழ் வலது மூலையில், கடிகாரத்தின் அருகே, பனிக்கரடியின் சிறிய படம் தெரிந்தால் அந்த மென்பொருள் அங்கே இருக்கிறது என்று பொருள். சில இடங்களில் அந்தப் படத்தையும் மறைத்து வைப்பார்கள் என்பதால், படம் தெரியவில்லை என்பதை மட்டும் நம்பிவிடாமல் நான் சொன்ன சோதனையைச் செய்வதே நல்லது.

இதற்காகப் பொறுப்பாசிரியர் மீது வருத்தப்பட வேண்டியதில்லை. ஒரு நாளில் ஐந்தாறு வகுப்புகள் வந்து போகும் கூடத்தில் இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் கணினிகள் ஒரு தவணை முடிவதற்குள் வைரஸும் தேவையற்ற விளையாட்டுகளுமாக நிரம்பிவிடும். குறை அந்த ஏற்பாட்டில் இல்லை; அப்படி ஓர் ஏற்பாடு இருப்பதை மாணவர்களுக்குச் சொல்லாததில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கணினியின் மேலும் ஒரு சிறு துண்டில் ‘சி டிரைவில் சேமிப்பது நிற்காது’ என்று எழுதி ஒட்டினால் போதுமானது. பெரும்பாலான கூடங்களில் டி என்ற இன்னொரு பகுதி உறையாமல் விடப்பட்டிருக்கும். எந்தப் பகுதி நிலையானது என்று ஆசிரியரிடம் கேட்டு, அதிலேயே உங்கள் பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகியவை வெவ்வேறு இடங்கள் போலத் தோன்றினாலும், மூன்றும் சி டிரைவில் பயனர் கணக்கின் கோப்புறைக்குள்ளேயே இருக்கின்றன. ஒன்று உறைந்திருந்தால் மூன்றும் உறைந்தவையே. வேர்ட் தானாகச் சேமித்துவைக்கும் மீட்புப் பிரதியும் அங்கேதான் இருக்கிறது. வேர்ட் வழமையாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இந்தப் பிரதியை எழுதிக்கொள்ளும். வீட்டுக் கணினியில் மின்சாரம் நின்று வந்தால் அது கைகொடுக்கும். உறைந்த கணினியிலோ மின்சாரம் வரும்போது அந்தப் பிரதியும் சேர்ந்து போயிருக்கும். எனவே புதிய ஆவணத்தைத் திறந்ததும், முதல் வரியைத் தட்டச்சுச் செய்வதற்கு முன்பே, சேவ் ஆஸ் கொடுத்து டி டிரைவில் பெயரிட்டுச் சேமித்துவிட்டு, பின்னர் பந்திக்கு ஒரு முறை கன்ட்ரோல் எஸ் அழுத்துவதே பாதுகாப்பான பழக்கம்.

கணினி உறைந்ததல்ல என்று சோதனை காட்டினால் இன்னும் ஒரு காரணம் இருக்கக்கூடும். பயனர் கணக்கின் விபரங்கள் பழுதடைந்திருக்கும்போது விண்டோஸ் தற்காலிகக் கணக்கு ஒன்றைத் திறந்து தரும். அப்படித் திறந்திருப்பதாகத் திரையில் ஓர் அறிவிப்பும் தோன்றும். நாம் அதைப் பெரும்பாலும் வாசிக்காமல் மூடிவிடுவோம். அந்தக் கணக்கில் செய்தவை, வெளியேறும்போது நீக்கப்படும்.

மீட்பதைப் பற்றிக் கேட்டீர்கள். உறைந்த வன்தட்டிலிருந்து, அதுவும் பலர் பயன்படுத்திய பிறகு, அறிக்கையைத் திரும்பப் பெறலாம் என்ற நம்பிக்கையை நான் தர விரும்பவில்லை. இனிமேல் பாடசாலைக் கணினியில் இருக்கும் பிரதியை ஒரு பிரதியாகவே கணக்கில் எடுக்காதீர்கள். அது டி டிரைவில் இருந்தாலும் கூடத்துக்குச் சொந்தமானது. நாளை அந்தக் கணினி பழுதுபார்க்கக் கொண்டு போகப்படலாம். பாடவேளை முடியும் முன் கடைசி ஐந்து நிமிடத்தை ஒதுக்கி, கோப்பைப் பென் டிரைவில் பிரதி செய்து, பிரதியைப் பென் டிரைவிலிருந்தே ஒரு முறை திறந்து கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு எழும்புங்கள். பெயரைக் கண்டால் போதாது. திறந்தும் பார்க்க வேண்டும். பாதியில் நின்றுபோன பிரதியும் பெயரளவில் முழுமையாகவே தெரியும்.

சாதாரண தர மாணவன், கிண்ணியா

கேள்வி: கணினிக்கூடத்தில் பென் டிரைவைச் செருகிய பிறகு அதிலிருந்த கோப்புறைகள் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறிவிட்டன. கொமியூனிகேஷன் கடையில் ஃபோர்மட் செய்தால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தம்பி, இப்போதைக்குச் செய்ய வேண்டாம். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் அந்தப் பென் டிரைவிலேயே இருக்கின்றன. ஃபோர்மட் செய்தால் வைரஸோடு அவற்றையும் இழந்துவிடுவீர்கள். கடைக்காரருக்கு அது அரை நிமிட வேலை. உங்களுக்கு ஒரு வருட வேலை.

நடந்தது இதுதான். முன்பெல்லாம் பென் டிரைவைச் செருகியவுடன் அதிலிருக்கும் நிரல் தானாக இயங்கும் வசதி விண்டோஸில் இருந்தது. வைரஸ்கள் அதன் வழியாகவே பரவின. விண்டோஸ் 7 வந்தபோது பென் டிரைவுகளுக்கு அந்த வசதி நிறுத்தப்பட்டது. 2011இல் பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் மேம்படுத்தல் மூலம் நிறுத்தினார்கள். தானாக இயங்க வழியில்லாமற் போனதால், நம்மைக் கொண்டே தம்மை இயக்கச் செய்யும் வைரஸ்கள் பெருகின. அவை உங்கள் கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரிலும் அதே மஞ்சள் நிறப் படத்திலும் ஒரு ஷோர்ட்கட்டை வைக்கும். நீங்கள் அதைத் திறக்கும்போது முதலில் வைரஸ் இயங்கும், அடுத்ததாகக் கோப்புறையும் திறக்கும். கோப்புறை திறந்துவிடுவதால் ஒருவருக்கும் சந்தேகம் வருவதில்லை. அந்தக் கணினி தொற்றடைந்த பிறகு அதில் செருகப்படும் ஒவ்வொரு பென் டிரைவும் அதே நிலைக்கு வரும்.

செய்ய வேண்டியது: அந்த ஷோர்ட்கட் எதனையும் திறக்காதீர்கள். இற்றைப்படுத்திய வைரஸ் தடுப்பு உள்ள, நம்பகமான ஒரு கணினியில் செருகி முதலில் பென் டிரைவை முழுமையாகச் சோதிக்கச் சொல்லுங்கள். அதன் பின் கோப்புறைத் தெரிவுகளுக்குள் சென்று, மறைந்த கோப்புகளைக் காட்டு என்பதைத் தெரிவு செய்யுங்கள். அத்துடன், பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறை என்பதற்கு எதிரேயுள்ள அடையாளத்தையும் நீக்க வேண்டும். இந்த இரண்டாவது படியை விட்டுவிடுவதால்தான் பலர் கோப்புகள் போய்விட்டதாக முடிவு கட்டுகிறார்கள். வைரஸ் உங்கள் கோப்புகளை இயங்குதளக் கோப்புகள் என்று குறித்து வைத்திருக்கும். இரண்டையும் செய்தால் உங்கள் கோப்புறைகள் மங்கலான நிறத்தில் தெரியும். சில வைரஸ்கள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு கோப்புறைக்குள் போட்டு வைத்திருக்கும்; அதையும் திறந்து பாருங்கள். வேர்ட், எக்செல், பவர்பொயின்ட் கோப்புகளையும் படங்களையும் மட்டும் பிரதி செய்து எடுங்கள். நீங்கள் உருவாக்காத, பெயர் விளங்காத எதையும் தொட வேண்டாம். கோப்புகள் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்து உறுதி செய்த பின்பு பென் டிரைவை ஃபோர்மட் செய்துகொள்ளலாம்.

பொறுப்பாசிரியரிடம் இதைச் சொல்லத் தயங்க வேண்டாம். நீங்கள் மட்டும் சுத்தம் செய்துகொண்டு, கூடத்திலுள்ள கணினியை அப்படியே விட்டுவிட்டால் அடுத்த பாடவேளையில் மீண்டும் இதே கதைதான். அந்தக் கணினிகளில் இன்னும் விண்டோஸ் 7 இருந்தால், அதற்கான பாதுகாப்பு மேம்படுத்தல்களை மைக்ரோசொஃப்ட் 2020 ஜனவரியில் பொதுவாக நிறுத்திவிட்டது என்பதையும் ஆசிரியருக்கு நினைவூட்டலாம்.

ஆசிரியை, மூதூர்

கேள்வி: ஆசிரியர் ஓய்வறையிலுள்ள ஒரே கணினியில் நாங்கள் பலர் தவணைப் பரீட்சை வினாத்தாள்களைத் தட்டச்சுச் செய்கிறோம். மாணவத் தலைவர்களும் சில வேலைகளுக்காக அதைப் பயன்படுத்துவதுண்டு. வினாத்தாளை மறைந்த கோப்புறையில் வைத்து வருகிறேன். அது போதுமா?

பதில்: ஆசிரியை அவர்களே, போதாது. மேலே கிண்ணியா மாணவனுக்குச் சொன்ன அதே இரண்டு படிகளால் உங்கள் மறைந்த கோப்புறையும் தெரிந்துவிடும். தரம் எட்டில் படிக்கும் பிள்ளைக்கே அது தெரியும் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

வினாத்தாளைக் கோப்பளவில் பூட்டுங்கள். வேர்ட்டில் ஃபைல் பட்டியலுக்குள் ஆவணத்தைப் பாதுகாக்கும் இடத்தில், கடவுச்சொல்லால் மறைகுறியாக்கும், அதாவது கடவுச்சொல் இல்லாதவர் வாசிக்க முடியாதபடி மாற்றிவைக்கும், வசதி இருக்கிறது. கோப்பைத் திறப்பதற்கான கடவுச்சொல்லும் அதை மாற்றுவதற்கான கடவுச்சொல்லும் வேறு வேறானவை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். முன்னையது கோப்பின் உள்ளடக்கத்தையே மறைகுறியாக்குகிறது. பின்னையது ஒரு வேண்டுகோள் மாத்திரமே. கடவுச்சொல் தெரியாதவரும் வாசிப்பதற்காகத் திறந்து எல்லா வினாக்களையும் பார்க்கலாம். எக்செல்லில் தாளைப் பூட்டுவதும் அவ்வகையானதே: புள்ளிகளைத் தவறுதலாக மாற்றிவிடாமல் தடுக்குமே தவிர, பார்ப்பதைத் தடுக்காது. இன்னொன்று: கோப்பை வேர்ட் 2003 வரை வழக்கிலிருந்த பழைய வடிவத்தில் சேமித்துப் பூட்டினால், அந்தப் பூட்டு மிகப் பலவீனமானது, அதை உடைக்கும் கருவிகள் எளிதில் கிடைக்கின்றன. வேர்ட் 2007உடன் வந்த புதிய வடிவத்திலேயே சேமியுங்கள். அதில் நீளமான கடவுச்சொல்லை மறந்துவிட்டால் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தாலும் திறந்து தர இயலாது. அந்த உறுதிக்காகத்தான் அதைப் பரிந்துரைக்கிறேன். அதனால் கடவுச்சொல்லை வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வைப்பதில் தவறேதும் இல்லை. பாடசாலைப் பெயர், பிறந்த ஆண்டு, பிள்ளையின் பெயர் ஆகியவற்றைக் கடவுச்சொல்லாக்குவதுதான் தவறு.

ஆனால், என் கணிப்பில் வினாத்தாள் கசிவதற்குப் பூட்டாத கோப்பைவிடவும் அதன் மிச்சங்களே கூடுதலான வாய்ப்பைத் தருகின்றன. வேர்ட்டைத் திறந்ததும் அண்மையில் பயன்படுத்திய கோப்புகளின் பட்டியல் தோன்றி, வினாத்தாளின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் சொல்லிவிடும். வட்ஸ்அப் வெப் வழியாக இன்னோர் ஆசிரியர் அனுப்பிய வினாத்தாள் டவுன்லோட்ஸில் பூட்டின்றிக் கிடக்கும். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும், அழித்த கோப்பின் இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை அதை மீட்கும் மென்பொருள்கள் உண்டு. வெள்ளைத்தாள் முடிந்து அச்சு நின்றுபோனால் வேலை வரிசையிலேயே காத்திருந்து, அடுத்தவர் தாள் வைத்ததும் வினாத்தாள் வெளியே வரும். ஆகவே வினாத்தாளை முழுவதும் பென் டிரைவிலேயே வைத்துத் திறந்து, அதிலேயே சேமித்து, அச்சுவரிசை காலியாகிவிட்டதைப் பார்த்த பின்னரே பென் டிரைவைக் கழற்றுங்கள். வெளியே கொமியூனிகேஷன் கடையில் அச்செடுக்க நேர்ந்தால், கோப்பைக் கடைக் கணினிக்குப் பிரதி செய்யாமல் பென் டிரைவிலிருந்தே அச்சிடும்படி கேளுங்கள். இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கடைக்காரரும் நாளைக்கு ஒரு பேச்சு வருவதை விரும்பமாட்டார்.

ஓய்வறைக் கணினியில் ஆசிரியர்களுக்கும் மாணவத் தலைவர்களுக்கும் தனித்தனிப் பயனர் கணக்குகளை அமைக்கும்படி அதிபரிடம் கேட்பதும் பயனுள்ளது. ஆனால் விண்டோஸ் கடவுச்சொல் வன்தட்டைப் பூட்டுவதில்லை. நிர்வாகி உரிமை உள்ள எவரும் மற்றவர் கோப்புறைகளைத் திறக்கலாம். எனவே கணக்கு இருந்தாலும் கோப்புக்குப் பூட்டு வேண்டும். மாணவர்களின் புள்ளிப் பட்டியல்களுக்கும் முகவரி, தொலைபேசி விபரங்களுக்கும் இதே கவனம் தேவை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் விபரங்களை எல்லோரும் திறக்கும் கணினியில் விட்டுவைப்பதை இனியும் சாதாரண விடயமாகக் கொள்ள முடியாது.

ஆசிரியர், தம்பலகாமம்

கேள்வி: வீட்டில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கோப்பு, பாடசாலைக் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. கோப்பு பழுதாகிவிட்டதா?

பதில்: இல்லை, கோப்பு நன்றாகவே இருக்கிறது. பாமினியில் தட்டச்சுச் செய்யும்போது கோப்பினுள் உண்மையில் பதிவாவது ஆங்கில எழுத்துகளே; அவற்றைத் தமிழ் வடிவத்தில் காட்டுவது எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகள் அப்படியே தெரியும். பாமினியை நிறுவினால் சரியாகிவிடும், ஆனால் உறைந்த கணினியில் நிறுவுவதும் மறுநாள் நிற்காது. அச்சிட மட்டும்தான் வேண்டுமென்றால் வீட்டிலிருந்தே பீடிஎஃப் ஆகச் சேமித்துக் கொண்டு செல்லுங்கள். எழுத்துரு அதனுள்ளேயே அடங்கிவிடும். பல ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டிய கோப்பாயின், தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே பதிவு செய்யும் பொது முறையான யுனிகோட்டுக்கு மாறிவிடுவதே என் ஆலோசனை. விண்டோஸுடன் வரும் லதா, நிர்மலா போன்ற எழுத்துருக்களில் யுனிகோட் தமிழ் எந்தக் கணினியிலும் தெரியும். கோப்பைப் பெயரால் மட்டுமன்றி உள்ளே இருக்கும் தமிழ்ச் சொல்லாலும் தேடலாம்.

உயர்தர மாணவன், சாம்பல்தீவு

கேள்வி: கூகுள் டிரைவில் சேமித்தால் பென் டிரைவே தேவையில்லை என்று அண்ணா சொல்கிறார். ஆனால் போன வாரம் கணினிக்கூடத்தில் வெளியேற மறந்து வந்துவிட்டேன். கைப்பேசியைப் பாடசாலைக்குக் கொண்டு போகவும் முடியாது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் கணினியிலிருந்து உங்கள் கணக்கை வெளியேற்றுங்கள். அதற்காகப் பாடசாலைக்குப் போக வேண்டியதில்லை. வீட்டிலுள்ள கைப்பேசியில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியைத் திறந்தால் உங்கள் கணக்கு நுழைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் இருக்கும். பாடசாலைக் கணினியைத் தெரிவு செய்து வெளியேற்றிவிட்டு, கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். குரோம் உலாவி கடவுச்சொல்லை நினைவில் வைக்கவா என்று கேட்டபோது நீங்கள் சம்மதித்திருந்தால், வெளியேற்றுவது மட்டும் போதாது.

அண்ணா சொல்வது முக்கால்வாசி சரி. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் மின்னஞ்சல், டிரைவ், புகைப்படங்கள் ஆகிய மூன்றுக்கும் சேர்த்தே. பாடசாலை ஆவணங்களுக்கு அது தாராளமாகப் போதும். தவறி அழித்த கோப்பு 30 நாள் வரை குப்பைத்தொட்டியில் இருக்கும். ஆனால் இணைப்பு இல்லாத நாளில் அந்தக் கோப்பும் உங்களிடம் இல்லை. மழைக்காலத்தில் சாம்பல்தீவுப் பக்கம் அப்படியான நாட்கள் வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதனால் பென் டிரைவையும் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் தம் கணக்கை மறந்துவிடும் மாணவர்கள் பலர் இருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் எவ்விதத்திலும் பயன்படுத்தாத கணக்கையும் அதிலுள்ள கோப்புகளையும் கூகுள் நீக்கிவிடலாம் என்பதை அவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

கைப்பேசி இல்லாத சிக்கலுக்கு வழி இருக்கிறது. இரு படிச் சரிபார்ப்பை வைத்திருப்பவர்கள், கைப்பேசிக்கு வரும் குறியீடு இல்லாமல் பாடசாலையில் நுழைய முடிவதில்லை; அதனால் பலர் அந்தப் பாதுகாப்பையே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். கூகுள் கணக்கில் மாற்றுக் குறியீடுகள் என்று பத்து எண்களைத் தருவார்கள். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம் கொண்டது, ஒரு முறை மட்டுமே செல்லுபடியாகும். அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பயன்படுத்தியதை வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். அந்தத் தாளில் கடவுச்சொல்லை மட்டும் எழுதக்கூடாது. கூடத்தில் எப்போதும் உலாவியின் தனிப்பட்ட சாளரத்தைத் திறந்தே நுழையுங்கள். சாளரங்கள் எல்லாவற்றையும் மூடியதும் வெளியேறியதாகிவிடும். ஆனாலும் அதன் வழியாகப் பதிவிறக்கிய கோப்பு டவுன்லோட்ஸில் அப்படியே இருக்கும். அதை நீங்களே அழிக்க வேண்டும்.

சாதாரண தர மாணவி, நிலாவெளி

கேள்வி: வேறொரு மாணவி டி டிரைவில் விட்டுச்சென்ற செயற்றிட்டத்தைத் திறந்து பார்ப்பது குற்றமா?

பதில்: தற்செயலாகத் திறந்துவிட்டால் மூடிவிட்டு ஆசிரியரிடமோ அந்த மாணவியிடமோ சொல்லிவிடுங்கள். பூட்டிய கோப்பைத் திறக்க முயல்வதும், மற்றவர் கணக்கினுள் அனுமதியின்றி நுழைவதும் வேறு விடயம். அதிகாரமின்றிக் கணினியையோ அதிலுள்ள தகவலையோ அணுகுவதை 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது.

கணினிக்கூடப் பொறுப்பாசிரியர், குச்சவெளி

கேள்வி: எங்களிடம் ஒரு டசின் கணினிகள் உள்ளன, நிலையான இணைய இணைப்பு இல்லை. மாணவர் கோப்புகளை ஒழுங்காக வைப்பதற்கும், மின்தடையிலும் மாரி மழையிலும் காப்பதற்கும் குறைந்த செலவில் என்ன செய்யலாம்?

பதில்: முதல் வேலைக்குச் செலவே இல்லை. மாணவர்கள் நிர்வாகிக் கணக்கில் வேலை செய்யும் வழக்கத்தை நிறுத்தி, சாதாரணப் பயனர் கணக்கைக் கொடுங்கள். டி டிரைவில் ஆண்டு, அதனுள் வகுப்பு, அதனுள் மாணவரின் சுட்டெண் என்று கோப்புறைகளை அமைத்து, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரே கணினியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். ‘நேற்று எந்தக் கணினியில் இருந்தேன்’ என்ற தேடலிலேயே பாதிப் பாடவேளை போவது அதனால் நிற்கும். கோப்புப் பெயரின் தொடக்கத்தில் திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதப் பழக்குங்கள். அப்போது கணினி பெயர்வரிசைப்படுத்தும்போதே காலவரிசையும் அமைந்துவிடும். ‘இறுதி’, ‘புதிய இறுதி’, ‘உண்மையான இறுதி’ என்று பெயரிடும் பிள்ளைகளின் கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றுள் எது இறுதி என்பது அவர்களுக்கே தெரிவதில்லை.

காப்புப் பிரதிக்குப் பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரவலாக்கிய மூன்று, இரண்டு, ஒன்று என்ற கணக்கு உங்களுக்கும் பொருந்தும். கோப்புக்கு மூன்று பிரதிகள் இருக்க வேண்டும்; அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும்; ஒன்று வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். இணையம் இல்லாவிட்டாலும் இது இயலும். கூடத்தின் டி டிரைவில் இருப்பது ஒன்று. வாரத்துக்கு ஒரு முறை வெளி வன்தட்டில் எடுப்பது இரண்டாவது. தவணை முடிவில் இன்னொரு வன்தட்டில் எடுத்துப் பாடசாலைக்கு வெளியே, அதிபர் சம்மதிக்கும் ஓரிடத்தில், வைப்பது மூன்றாவது. வெளியே போகும் வன்தட்டை மறைகுறியாக்கிப் பூட்டுங்கள். அதற்கு வேராகிரிப்ட் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு.

மூன்றில் எதைக் கைவிட்டாலும் வெளியே வைக்கும் அந்தப் பிரதியைக் கைவிடாதீர்கள் என்று உங்கள் ஊருக்கு அழுத்திச் சொல்வேன். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடைப்பட்ட கரையிலேதான் நிலத்துக்குள் நுழைந்தது. கணினியும் அதன் காப்புப் பிரதியும் ஒரே அலுமாரியில் இருந்தால், கூரையொன்று பறந்தால் இரண்டும் ஒரே மழையில் நனையும். கடற்காற்றின் உப்பும் ஈரமும் யூஎஸ்பி முனைகளை அரிக்கக்கூடியவை என்பதால், வன்தட்டை ஈரமுறிஞ்சிப் பொட்டலத்துடன் இறுக்கமாக மூடும் பெட்டியில் வைப்பது நல்லது. பிரதி எடுத்து முடிந்ததும் வன்தட்டைக் கழற்றிவிட வேண்டும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்கள், 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வொன்னாகிரை போன்றவை, கணினியோடு இணைந்திருக்கும் வன்தட்டையும் விட்டுவைப்பதில்லை.

மின்தடைக்கு எல்லாக் கணினிகளுக்கும் யூபிஎஸ் (மின்சாரம் நின்றதும் மின்கலத்தால் கணினியைச் சற்று நேரம் இயக்கும் கருவி) வாங்க இயலாவிட்டால், புள்ளிப் பட்டியலும் நிர்வாகக் கோப்புகளும் உள்ள ஒரு கணினிக்கு மட்டுமாவது வாங்குங்கள். அது தரும் சில நிமிடங்கள் சேமித்து மூடுவதற்கானவையே. வேலையைத் தொடர்வதற்கானவை அல்ல. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்தபோது, யூபிஎஸ்ஸை நம்பித் தட்டச்சைத் தொடர்ந்தவர்களின் மின்கலங்கள்தான் முதலில் சோர்ந்துபோயிருக்கும். மின்சாரம் மீண்டும் வரும் கணத்தில் அழுத்தம் ஏறி இறங்கக்கூடும். ஆகவே நின்றவுடன் சுவரிலுள்ள ஆளிகளை நிறுத்திவிட்டு, வந்து சற்று நேரம் கழித்துப் போடும்படி வகுப்புக்கு ஒரு மாணவரைப் பொறுப்பாக்குங்கள்.

தவணைக்கு ஒரு முறை, காப்பு வன்தட்டிலிருந்து ஏதேனும் ஒரு வகுப்பின் கோப்புறையை எடுத்து வேறு கணினியில் திறந்து பாருங்கள். பிரதி எடுப்பவர்கள் பலர். எடுத்த பிரதியைத் திறந்து பார்ப்பவர்கள் சிலரே.

தந்தை, உப்புவெளி

கேள்வி: மகளுக்குப் பாடசாலை வேலைக்காகப் பென் டிரைவ் வாங்க வேண்டும். 128 ஜிபி வாங்குவதா, 32 ஜிபி போதுமா?

பதில்: அறிக்கைகளுக்கும் வழங்கல்களுக்கும் 32 ஜிபி மிகத் தாராளம். அதே பணத்தில் ஒரு பெரியதை வாங்குவதைவிட இரண்டு சிறியவற்றை வாங்கி, ஒன்றைப் பாடசாலைப் பையிலும் மற்றதை வீட்டிலும் வைப்பது மேல்; வீட்டிலிருப்பதைக் கூடத்துக் கணினியில் ஒரு நாளும் செருகக்கூடாது என்பதை மட்டும் மகளிடம் சொல்லிவிடுங்கள். பெரிய காணொளிகளைக் கொண்டு போக வேண்டியிருந்தால், வாங்கியதும் அது எந்த வடிவத்தில் ஃபோர்மட் செய்யப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஃபட் 32 என்றிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு தனிக் கோப்பை அது ஏற்காது, எவ்வளவு இடம் மிச்சமிருந்தாலும். எக்ஸ்ஃபட் ஆக மாற்றிக்கொண்டால் அந்தத் தடை இல்லை. மாற்றும்போது உள்ளேயிருப்பவை அழியும் என்பதால், கோப்புகளைப் போடுவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.